நவம்பர் 2: எங்களுக்குக் கல்லறை இல்லை

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிச் சத்தம் தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், சிலுவையில் பெயர் அழிந்திருந்தால் கறுப்புப் பெயின்ட் வாங்கிவந்து எழுதுவார்கள். நவம்பர் 2 சாயங்காலம் பூசை முடிந்து சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அந்தந்தக் குடும்பம் அதனதன் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும். 2017இல் எங்கள் அம்மா ஒரு பாக்கெட் மெழுகுதிரியோடு வந்தாள். எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

கடலுக்குப் போன தம்பியின் உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவனுக்கு ஏது கல்லறை? கடைசியில் நாங்கள் மூன்று பெண்கள், நான், அம்மா, தம்பி மனைவி, கடற்கரைக்குப் போனோம். திரியைக் கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. தீப்பெட்டி பாதி காலியானதும் அம்மா சொன்னாள்: “போதும், வாங்க.”

போன மாதம் பக்கத்துக் கோவில் பங்கிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் வீட்டிலும் கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை. “அக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி நம்பிக்கை விட்டுப் போகல?” என்று கேட்டாள். விட்டுப்போனதே, அதை எப்படி இல்லையென்று சொல்வேன்? ஒரு நம்பிக்கை முழுசாகப் போய்விட்டது. வேறொன்று நின்றது, கோவிலில் ‘எதிர்நோக்கு’ என்பார்களே, அது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய எனக்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது. அவளிடம் அன்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். எங்களுக்குக் கடல் இரண்டு: வடகடல், தென்கடல். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும் என்பதால் நாட்டுப்படகுக்காரர்கள் படகைத் தெற்கே மாற்றிக் கட்டுவார்கள். 2016 நவம்பரில் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் குருசடைத் தீவைத் தாண்டி வலை விட்டிருந்தார்கள். விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையும். படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தார்கள். மறுநாள் மத்தியானம் வேறு படகுக்காரர்கள் பார்த்துத் தூக்கினார்கள். கேன் இரண்டுதான் இருந்ததாம். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மண்டபத்திலிருந்து கடலோரக் காவல்படைக் கப்பல், உச்சிப்புளியிலிருந்து கடற்படை ஹெலிகாப்டர், ஊர்ப் படகுகள் என நான்கு நாள் தேடினார்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்து பத்து நாள் கூட ஆகாத நேரம் அது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது பழைய நோட்டுதான். பங்க்கில் அதை வாங்கிக்கொண்டார்கள், மிச்சம் தரச் சில்லறை இல்லை. ஆளாளுக்கு நோட்டைச் சேர்த்துக் கணக்காக டீசல் போட்டுக்கொண்டு போனார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மணி நேரம் யாருக்குப் போன் செய்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். எதிர்நோக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டுப் போன் நம்பர் கொடுக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். மறுமையை நம்புகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் போடத் தேவையில்லை என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் படகு மட்டும் கிடைத்தது.

அதற்கப்புறம்தான் கொடுமையான காலம். “மன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருப்பான்” என்றார் ஒருவர். “இலங்கை நேவி பிடிச்சிருக்கும்” என்றார் இன்னொருவர். பிடிபட்டவர்கள் பட்டியலை மீன்வளத் துறையில் பார்த்தோம், அவன் பெயர் இல்லை. பட்டியலில் விட்டிருப்பார்கள் என்றார்கள். அடுத்த தெருவில் செபக்கூட்டம் நடத்துகிற ஒரு அக்கா, தம்பி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகத் தரிசனம் கண்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கெட்டவள் இல்லை, எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் தம்பி மனைவி இரண்டு வருஷம் அவனுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டாள். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்கும்போது அவள் கையைப் பார்க்க முடியாது.

நானும் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரம் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்குப் போனேன். தம்பி கிறிஸ்துமஸுக்குள் வந்துவிட்டால் இரண்டு பவுன் சங்கிலி காணிக்கை என்று நேர்ந்துகொண்டு, எல்லாரையும் போல அந்தச் செம்மண்ணை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து தம்பியின் தலையணைக்கு அடியில் வைத்தேன். கிறிஸ்துமஸ் வந்தது, அவன் வரவில்லை. கோபத்தில் அந்த மண்ணைக் கொல்லையில் கொட்டிவிட்டேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. 1693 பிப்ரவரி 4ஆம் தேதி புனித அருளானந்தரை வெட்டிய இடம் அது. யாரும் வந்து காப்பாற்றாத ஒரு மனிதரின் மண். உயிர் தப்பாதவர் முன்னால் போய் உயிர் தப்பவைக்கச் சொல்லிப் பேரம் பேசியிருக்கிறேன். கேட்டது தப்பு என்று சொல்லமாட்டேன், யாராக இருந்தாலும் கேட்போம். ஆனால் “இது நடந்தால் நீ இருக்கிறாய், நடக்காவிட்டால் இல்லை” என்று நான் தேதி போட்டு எழுதிக்கொடுத்த பத்திரம்தான் அந்த நேர்ச்சை. அது கிழிந்தது. நல்லவேளை, சங்கிலி மிஞ்சியது. அதை அடகு வைத்துத்தான் முன்பணம் கொடுத்த வியாபாரியின் கடனில் பாதியை அடைத்தோம்.

2016 நவம்பர் 27, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. விழித்திருங்கள், காத்திருங்கள், அவர் வருவார் என்று பிரசங்கம். என்னால் உட்கார முடியவில்லை. பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அதற்கப்புறம் நாலைந்து மாதம் எனக்குச் செபம் வாயில் வரவில்லை. எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்துப் பெண்கள் முப்பது நாள் எங்கள் வீட்டில் செபமாலை சொன்னார்கள். நான் மணியைக்கூடத் தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒருத்திகூட “நீயும் சொல்லு” என்று வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் சொல்லும் செபத்துக்குள் நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது நான் துக்க வீடுகளுக்குப் போனால் அதைத்தான் செய்கிறேன். செபம் என் பொறுப்பு, அவர்கள் அழட்டும்.

எங்கள் பழைய உபதேசியார் தாத்தா ஒருநாள் வந்து, 88ஆம் திருப்பாடலை வாசித்துப் பார்க்கச் சொன்னார். வழக்கமாகப் புலம்பல் பாட்டுகள் எல்லாம் கடைசியில் திரும்பிவிடும், “ஆனாலும் உம்மைப் புகழ்வேன்” என்று முடியும். 88 அப்படித் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. இருட்டோடு முடிகிற செபத்துக்கும் வேதத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்பதில் எனக்கு ஏனோ பெரிய ஆறுதல். நான் மறுபடி பேசத் தொடங்கியது அந்தப் பாட்டை வைத்துத்தான்.

வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1995இல் வந்த எங்கள் திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை’ ஒன்று, ‘எதிர்நோக்கு’ இன்னொன்று. சி.எஸ்.ஐ. சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் நாங்கள் நம்பிக்கை என்பது ‘விசுவாசம்’, நாங்கள் எதிர்நோக்கு என்பது ‘நம்பிக்கை’. எதிர்நோக்கு என்பது புத்தக வார்த்தை, வீட்டில் யாரும் பேசமாட்டார்கள் என்று நானும் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்த வார்த்தை இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஏனென்றால் ‘நம்பிக்கை’யை நாம் எதற்கெல்லாம் சொல்கிறோம்? இன்றைக்கு நண்டு படும் என்று நம்பிக்கை, லோன் கிடைக்கும் என்று நம்பிக்கை, மழை விடும் என்று நம்பிக்கை. எல்லாம் ஊகம். தம்பி வருவான் என்று நான் வைத்திருந்ததும் ஊகம்தான், ஆசையில் ஊறிய ஊகம். திருத்தூதர் பவுல் சொல்வது வேறு. நாளைக்கு என்ன நடக்கும் என்பதன் மேல் அவர் எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே நடந்த ஒன்றின் மேல் கட்டுகிறார்: கிறிஸ்து எழுப்பப்பட்டார். அது நடக்கவில்லையென்றால் எல்லாமே வீண் என்று அவரே கொரிந்தியருக்கு வெளிப்படையாக எழுதுகிறார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. எதுவேண்டுமானாலும் நடக்கட்டும், நல்லதுதான் என்று மழுப்பவில்லை அவர்.

இதை எங்கள் அப்பா நங்கூரத்தை வைத்து விளக்கினார். அவர் ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர், பெரிதாக வேதம் பேசுகிறவர் இல்லை. எபிரேயர் திருமுகத்தில் எதிர்நோக்கை நங்கூரம் என்று சொல்லியிருப்பதை ஒரு பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்து, “சாமி நங்கூரம் போட்டுப் பாத்திருக்க மாட்டார் போல” என்றார். புயலை நங்கூரம் அடக்கிவிடும் என்பதுபோல சாமியார் பேசிவிட்டாராம். “நங்கூரம் போட்டாலும் படகு ஆடத்தான் செய்யும்மா. இன்னும் சொன்னா, அடிக்கிற அலை அம்புட்டும் மூஞ்சியிலதான் அடிக்கும். ஆனா படகு காத்துக்கு மூஞ்சியக் குடுத்து நிக்கும், விலா குடுத்துக் கவுறாது. அம்புட்டுத்தான் அதோட வேலை.”

அப்புறம் கயிற்றைப் பற்றிச் சொன்னார். புதுசாகத் தொழிலுக்கு வருகிறவன் ஆழத்துக்குச் சரியாகக் கயிறு விடுவான், நங்கூரம் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு இழுபடும். ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு கயிறு விட்டால்தான் பிடிக்கும். காற்று கூடக்கூட இன்னும் விட வேண்டும். “ஒனக்குக் கயிறு பத்தல, அவ்வளவுதான். நங்கூரம் சரியாத்தான் இருக்கு. பொறு.” முப்பதாம் நாளுக்குள், தொண்ணூறாம் நாளுக்குள் தேறிவிட வேண்டும் என்று என்னையே நான் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பேச்சுதான் என்னை விட்டுப்பிடித்தது.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம் அப்பாவுக்கு மனப்பாடம். பவுல் போன கப்பல் பதினான்கு ராத்திரி அலைக்கழிந்த கதை. பழைய மொழிபெயர்ப்பில் ஆழம் பார்க்கும்போது இருபது பாகம், கொஞ்ச தூரம் போய்ப் பதினைந்து பாகம் என்று வரும். மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில்தான் அளப்பார்கள்; “நம்ம கணக்கு!” என்று அப்பாவுக்குப் பெருமை. பின்பக்கத்தில் நான்கு நங்கூரம் போட்டுவிட்டு எப்போது விடியும் என்று காத்திருந்தார்கள். கப்பல் உடைந்துபோனது, 276 பேரும் கரை சேர்ந்தார்கள். தம்பி போனபிறகு அந்த அதிகாரத்தை அப்பா வாசிக்கச் சொல்லவே இல்லை. “நமக்குப் படகு கிடைச்சுச்சு, ஆளு கிடைக்கல” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பதில் இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒரு கலை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது வரவில்லை. “கடவுளுக்கு அவனை ரொம்பப் பிடிச்சிருச்சு” என்ற ஒருத்தரிடம் அம்மா, “எனக்கும்தான் பிடிச்சிருந்துச்சு” என்றாள். விசுவாசிகள் அழக்கூடாது என்று தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியதைச் சாட்சிக்கு இழுத்தார் இன்னொருவர். அங்கே பவுல் அழாதே என்று சொல்லவில்லை, எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல அழாதே என்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். அவருக்கே கண்ணீர் வந்தது, நமக்கென்ன? வாயால் ஆறுதல் சொல்லாமல் அரிசி மூட்டை கொண்டுவந்தவர்களையும், தம்பி மகனை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனவர்களையும்தான் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாச்சி அப்போது உயிரோடு இருந்தாள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்தவள். பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அவளுடைய அக்காளும் போனாள், உடம்பு கிடைக்கவில்லை. வருஷா வருஷம் டிசம்பர் 22 அவள் தனுஷ்கோடிக்குப் போய், கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கோவில் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அம்மாவிடம் அவள் சொன்னது: “தேதி வச்சுக்க தாயி. தேதி இல்லாத துக்கம் தெனமும் வரும்.” அதன்படி நாங்கள் கவிழ்ந்த நாளையே தேதியாக வைத்து, முதல் வருஷப் பூசைக்குக் கொடுத்தோம். தம்பி மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “செத்துட்டார்னு எழுதுறீகளா மதினி?” என்று கேட்டாள். இறந்தோர் பட்டியலில் எழுதவில்லை, அவனுக்காக என்று மட்டும் எழுதினோம்.

அவள் விஷயம்தான் சிக்கல். பூ வைக்கலாமா, பொட்டு வைக்கலாமா, தாலி? ஊர் ஒரு வாயில் வை என்றது, இன்னொரு வாயில் எடு என்றது. அம்மா ஒரே முடிவாகச் சொன்னாள்: “அவ இஷ்டம். யாரும் கேக்கக் கூடாது.” அவள் வேறு பெண்களோடு சேர்ந்து கடல்பாசி வளர்ப்புக்குப் போனாள். மூங்கில் தெப்பம் கட்டி, விதைப்பாசியைக் கயிற்றில் முடிந்து கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. தம்பியைக் கொண்டுபோன கடலில் இடுப்பளவு நின்று அவள் முடிச்சுப் போடுவதை முதல் நாள் கரையிலிருந்து பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை அவள். சாயங்காலம் வந்து சோறு வைத்தபோது, முதல் முறையாக அவன் பங்கு அரிசியைக் குறைத்திருந்தாள்.

காகித வேலையைச் சொல்லாமல் விட்டால் இதைப் படிப்பவர்களுக்குப் பாதிதான் பயன். உடல் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் இன்சூரன்ஸ், பேங்க், விதவை உதவித்தொகை எதுவும் நகராது. ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் தகவலே இல்லையென்றால்தான் இறந்ததாகச் சட்டம் கருதும். அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போன கன்னியாகுமரிக்காரர்களுக்கு அரசு அதைத் தளர்த்தியது, எங்களைப்போலத் தனியாகக் கவிழ்ந்த படகுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே: முதல் வாரத்திலேயே ‘காணவில்லை’ என்று எஃப்.ஐ.ஆர். போடுங்கள், நகல் மூன்று எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள். கூடப் போனவர்களின் வாக்குமூலம், மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், படகுப் பதிவு எல்லாம் ஒரே பையில். எங்கள் பை ஒரு பழைய பிரிட்டானியா பிஸ்கட் டப்பா. ஒரு அலுவலகத்தில் எங்கள் முதல் மனுவைத் தொலைத்தே விட்டார்கள், நகல் இருந்ததால் பிழைத்தோம். இதைச் செய்யும்போது அவனைக் கொன்றுவிட்டதுபோல இருக்கும். அப்படி இல்லை, செய்யுங்கள்.

தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவன் தம்பியின் கூட்டாளி, சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. கடலுக்கும் போகவில்லை, குடிக்கிறான் என்று கேள்விப்பட்டோம். எனக்கு உள்ளுக்குள் அவன்மேல் ஒரு கசப்பு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். கேன் இரண்டுதான் என்ற வார்த்தை நெஞ்சில் கிடந்தது. ஒருநாள் அம்மா நகரை மீன் குழம்பு வைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். அம்மாவைப் பார்த்ததும் அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொன்னாள்: “நீ கரை சேந்ததுக்கு நான் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கேன்டா. வந்து சோறு தின்னு.” அரை மணி நேரம் கழித்து வந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான். அம்மா அப்படி நன்றி சொன்னதை நான் கேட்டதில்லை. சொல்லியிருப்பாளா, அந்த நிமிஷம்தான் தோன்றியதா, தெரியாது. ஆனால் எதிர்நோக்கு என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் அந்தக் குழம்புத் தூக்குதான் கண்ணுக்கு வருகிறது.

2023 முடிவில் ஏழு வருஷம் நிறைந்தது. கோர்ட், வக்கீல், அலைச்சல் எல்லாம் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தபோது தம்பி மனைவி அழவில்லை. “இப்ப எழுதுங்க மதினி, இறந்தோர் பட்டியல்ல” என்றாள். அந்தப் பூசையில் சாமியாரிடம் கேட்டு நான் திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கிற இடம். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை காதில் விழுந்த வரிதான். அன்றைக்குக் கணக்குப்போல இருந்தது, வாங்கியவன் பெயரும் தேதியும் எழுதிய கணக்கு. அடுத்த அதிகாரத்தில் கடலே இல்லாமல் போய்விட்டது என்று வரும். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அதையும் வாசித்துக் காட்டினேன். “கடல் இல்லாத மோட்சத்துல எனக்கென்ன சோலி?” என்றார். ஏழு வருஷத்தில் அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் பெயர் வைத்தது. அதன் சின்னத்தில் சிலுவையின் கால்மாட்டில் ஒரு நங்கூரம், கீழே அலை. கோவில் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியதும் அப்பா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் போட்டிருக்கான், கடல் ஆடுது பாரு” என்றார்.

அந்த நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் தோட்டம் முடித்துவிட்டுக் கடற்கரைக்கும் வரமுடியுமா என்று சாமியாரிடம் கேட்டிருந்தோம், வந்தார். எங்களோடு இன்னும் இரண்டு குடும்பம், அவர்கள் வீட்டிலும் கிடைக்காத ஆட்கள். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. தம்பியின் கூட்டாளி கடைசியாக வந்தான், கையில் ஒரு பழைய டீசல் கேன். மேல்பாதியை அறுத்துக் கழுவி, அடியில் மணல் நிரப்பியிருந்தான். எதுவும் பேசாமல் அதை ஈரமணலில் அழுத்தி வைத்தான். தம்பி மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவன் குனிந்து திரியை உள்ளே நட்டான். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் பற்றிக்கொண்டது.